சுருதி சேர்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள்

கலைத் திருவிழாவுக்கு விதிமுறை எழுதும் பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். டெல்டாப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் இசை சொல்லிக் கொடுக்கிறேன். 2022-ல் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா தொடங்கியபோது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படியாகப் போட்டி, கடைசியில் கலையரசன், கலையரசி பட்டம் என்றெல்லாம் கேட்டதும், ஒரு வருடக் கூத்து என்றுதான் நினைத்தேன். அப்படி ஆகவில்லை. பறையடிக்கத் தெரியும் என்று வகுப்பில் சொல்லவே கூச்சப்பட்ட பையன் இப்போது மேசையில் தாளம் போட்டு எல்லோரையும் தொல்லை செய்கிறான். அதற்கு நன்றி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குழுவாகக் கருவி வாசிக்கும் போட்டியில் கடிகாரத்தை எப்போது ஓட விடுவது? நான் போன மேடைகளில் இது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஓரிடத்தில் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டதுமே எண்ண ஆரம்பித்தார்கள். இன்னோரிடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு. வேறோரிடத்தில் முதல் சத்தம் எழுந்த பிறகு. தனியாகப் பாடும் பிள்ளைக்கு இதில் பெரிய வித்தியாசமில்லை, சுருதிப் பெட்டியைப் போட்டால் பாட வேண்டியதுதான். ஐந்தாறு கருவிகள் சேரும்போது கதை வேறு.

கடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூளையில் வெந்தபோதே அதன் சுருதி ஏறக்குறைய முடிவாகிவிட்டது. புல்லாங்குழலுக்கு மூங்கிலில் துளை போட்டபோது. ஆக, மற்றவர்கள்தான் இவற்றோடு வந்து சேர வேண்டும். வயலின்காரப் பெண் நான்கு கம்பியையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். வீணை இருந்தால் ஏழு. மிருதங்கக்காரன் கல்லும் கட்டையுமாக வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைச் சுற்றித் தட்டி ஏற்றி இறக்கி, இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும். அறையில் எல்லாம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஆனால் தோலும் கம்பியும் மேடைக் காற்றுக்கும் விளக்குச் சூட்டுக்கும் நாங்கள் சொன்னபடி நிற்பதில்லை.

ஒரு வட்டாரப் போட்டியில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு, மேடை ஏறும் நேரத்தில் வயலினில் கம்பியை முறுக்கும் பிருடை ஒன்று நழுவிக் கம்பி தொய்ந்துவிட்டது. கீழிருந்து கையைக் காட்டி ஆரம்பிக்கச் சொன்னார்கள். அவளும் மூன்று கம்பியிலேயே வாசித்து முடித்தாள். பிருடையை முன்பே பார்க்காதது என் தவறு, அதை யார் தலையிலும் போடவில்லை. ஆனால் அங்கே தேவைப்பட்டது இரண்டே நிமிடம்.

பறையின் பாடு இன்னும் மோசம். முதல் வருடம் பள்ளி அளவுப் போட்டிகள் நவம்பரில் நடந்தன. டெல்டாவில் நவம்பர் என்றால் மழை. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து, கணீரென்று வர வேண்டியது அட்டைப் பெட்டியைத் தட்டினது போல வரும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் சரியாகும். காய்ச்சிய சூடும் அந்தக் காற்றில் வெகுநேரம் தாங்காது. பந்தல் பக்கம் நெருப்பு வேண்டாம் என்று சொல்வது நியாயம்தான். அதற்குப் பதில் மைதானத்தின் ஓரமாக ஓர் இடம், ஒரு வாளித் தண்ணீர், பொறுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று எழுதி வைக்கலாமே. அப்புறம், எத்தனையாவதாக ஏறுகிறோம் என்பது காலையிலேயே தெரிந்தால் எப்போது காய்ச்சுவது என்று கணக்குப் போட்டுக்கொள்வோம்.

இதோடு சேர்ந்த ஒன்று. பல பள்ளிகளில் இசைக்கு ஆசிரியரே கிடையாது. பிள்ளைகளுக்குப் பறையோ நாகசுரமோ சொல்லிக் கொடுத்தவர் ஊரில் இருக்கிற ஒரு பெரியவராக இருப்பார். பள்ளிக் கல்வித்துறையின் இணையப் பதிவேடான எமிஸில் அவர் பெயர் இருக்காது. போட்டியில் வாசிக்க அவரை விடக் கூடாது, சரி. சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்பவரையும் வாசலில் நிறுத்தினால் எப்படி?

கீபோர்டைப் பற்றியும் ஒரு வரி. ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அதுவே வாசிக்கிறது. நிஜமாகவே நான்கு பேர் வியர்க்க வியர்க்க வாசித்த குழுவை, ஒரு பொத்தானை நம்பிய குழு முந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பான்காரன் செய்த பெட்டிக்குத்தான் அன்றைக்குப் பரிசு! தானாக ஓடும் தாளத்தையும், பதிவு செய்த பின்னணி இசையையும் குழு இசையில் அனுமதிப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

விதி என்றாலே கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 1957 முதல் பள்ளிக் கலோற்சவம் நடத்தும் கேரளத்தில் விதிகளுக்குத் தனிக் கையேடே உண்டு. (முடிவை எதிர்த்துத் தோற்றவர்கள் போடும் அப்பீல் தொல்லையை மட்டும் தயவுசெய்து இறக்குமதி செய்யாதீர்கள்.) சிங்கப்பூர் இளையர் விழாவில் 2013 முதல் தங்கம், வெள்ளி, வெண்கலத்தை விட்டுவிட்டுத் தரத்துக்கேற்ற சான்றிதழ் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு குழு நன்றாக வாசித்ததற்காக இன்னொரு குழு தோற்க வேண்டியதில்லை. பறைக் குழுவையும் வீணை-வயலின் குழுவையும் ஒரே தட்டில் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று போடச் சொல்லும்போது நம் நடுவர்கள் முழிப்பதைப் பார்த்தால் இது நினைவுக்கு வருகிறது. அதை நிதானமாக யோசியுங்கள். அதுவரை, நடுவர் தன் தாளில் குறித்துக்கொள்வதை இரண்டு வரியாகப் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் செய்தால் போதும். மார்க்கை விட, 'இரண்டாம் காலத்தில் ஓடுகிறீர்கள்' (இரட்டை வேகத்தில் வாசிக்கும்போது தாளத்தை முந்துகிறீர்கள்) என்ற ஒரு வரி அடுத்த வருடம் எனக்கு உதவும்.

அடுத்த சுற்றறிக்கையில் இதையாவது சேர்த்துவிடுங்கள்: குழுக் கருவி இசைக்கு மேடையில் சுருதி சேர்க்க ஐந்து நிமிடம். போட்டி நேரம், குழு தயார் என்று கைதூக்கி முதல் ஒலி எழுந்த பிறகே தொடங்கும். மாநிலம் முழுக்க எல்லா மேடைக்கும் இதுவே.

வைக்கோலை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி இசை ஆசிரியர்