செப்டம்பர் 1-ல் சேர்ந்தே தொடங்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடவுளின் படைப்பான இயற்கைக்காக ஜெபிக்கும் நாளாக செப்டம்பர் 1-ஐ ஆர்த்தடாக்ஸ் சபை 1989-ல் அறிவித்தது, 2015-ல் போப் பிரான்சிஸ் அதைக் கத்தோலிக்கருக்கும் கொண்டுவந்தார், இப்போது பல சபைகள் அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் வரை இதைச் சேர்ந்தே அனுசரிக்கின்றன. பெங்களூரு தமிழ் ஆராதனைகளில் இதைப் பற்றி நான் கேட்டது ரொம்பக் குறைவு. 2017-ல் பெல்லந்தூர் ஏரியே தீப்பிடித்து எரிந்த ஊர் இது!

எங்கள் பகுதியில் கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாம் பத்து நிமிட நடைதான். அசனத்துக்கு (சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு) ஒரு சபை வாங்கும் எவர்சில்வர் தட்டுகளை மற்ற மூன்றும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் தட்டே வேண்டாமே. அப்புறம், மொட்டைமாடி மழைநீர் சேகரிப்பு. போதகர்களும் பங்குத்தந்தைகளும் இந்த ஆகஸ்டிலேயே ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், தட்டு கழுவ நான் வருகிறேன்.

- வாசகி, அல்சூர், பெங்களூரு