அம்மாவின் செடி பூத்திருக்கிறது

காந்தல், ஊட்டி
ஜனவரி

அன்புள்ள ராணி,

உன் அம்மாவின் ஜேட் செடி பூத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பத்து நாளாகக் கிளை நுனிகளில் பச்சையாகக் கடுகு மாதிரி ஏதோ திரண்டு நின்றது, பூச்சி முட்டையோ என்று கண்ணாடி போட்டுப் பார்த்தால் மொட்டு! இன்று காலை ஐந்தாறு விரிந்திருக்கின்றன. ஐந்து இதழ், குட்டி நட்சத்திரம், வெள்ளையில் லேசாக ரோஸ்.

வீட்டைக் காலி செய்த அன்று, பெயின்ட் டப்பாவில் இருந்த செடியை அப்படியே லாரியில் ஏற்ற இடமில்லை என்று ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தாயே, ஒன்பது வருஷம் ஆயிற்று. நடுவில் அது சாகப் பார்த்தது, உன்னிடம் சொல்லவில்லை. ஹைட்ரேஞ்சியாவுக்கு ஊற்றுவது போல தினமும் ஊற்றினேன். நம் ஊர் மண் தண்ணீரை விடாது, ஆடி மழையும் சேர்ந்துகொள்ள, அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. உள்ளே நல்ல பச்சை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனேன், மிஞ்சியது ஒரு விரல் நீளம். வெட்டுவாய் காய ஒரு வாரம் செய்தித்தாள் மேல் போட்டுவைத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து நட்டேன். பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர்.

தென்னாப்பிரிக்காவின் வறண்ட சரிவுகளில் வளரும் புதர் இது. ஈரம் வீணாகக் கூடாதென்று பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, கரியமில வாயுவை இரவில்தான் உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கும். அங்கே ஜூன், ஜூலைக் குளிரில் பூப்பது, நமக்குக் குளிர் இப்போது என்பதால் இங்கே இப்போது பூக்கிறது.

அம்மா இதைப் "பூக்காத செடி" என்பார்களே, நினைவிருக்கிறதா? செடிக்கு வயசாக வேண்டும், அதோடு நீண்ட இருட்டு, குளிர், காய்ந்த மண் எல்லாம் வேண்டும். அம்மா வாசல் விளக்கடியில் வைத்து, தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். நானும் ரொம்ப நாள் வாசலில்தான் வைத்திருந்தேன். இந்த முறை பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றி, அக்டோபர் கடைசியிலிருந்து தண்ணீரையும் நன்றாகக் குறைத்தேன்.

ஆனால் குளிர் வேண்டும், உறைபனி ஆகாது, காந்தலில் அதுதான் சிக்கல். போன வருஷம் ஒரே ஒரு ராத்திரி வெளியே மறந்துவிட்டேன். விடிந்தால் மேல் இலைகள் வெந்தது மாதிரி பளபளவென்று இருந்தன, மதியத்துக்குள் கறுத்துவிட்டன. இலை முழுக்கத் தண்ணீர் அல்லவா, உறைந்தால் உள்ளே எல்லாம் கிழிந்துபோகிறது. பொட்டானிக்கல் கார்டனில் பனி படாமல் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியைப் போட்டு மூடுவார்களே, அதையும் செய்து பார்த்தேன், கிளைதான் ஒடிந்தது. இப்போது வானம் மேகமில்லாமல் இருந்தால், உறைபனி விழும் என்று, தொட்டியைச் சாக்கில் வைத்து விறகு ரூமுக்குள் இழுத்துவிடுகிறேன்.

விதையில் முளைத்திருந்தால் அம்மா செடியின் குட்டி என்று சொல்லலாம். இது ஒடித்து நட்டது, அம்மா தண்ணீர் ஊற்றிய அதே செடிதான்டி. காலையில் பூவைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு இரண்டு கொம்பு எடுத்துத் தருகிறேன். மதுரையில் ராத்திரி இவ்வளவு குளிராது, பூப்பது கஷ்டம், செடி நன்றாக வரும். காலை வெயில் போதும், சித்திரையில் மதியம் நிழல் கொடு. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடு. உன் பூனை இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள், அதற்கு விஷம்.

ஆனால் கொம்பைப் பார்சலில் அனுப்ப மாட்டேன், நீயே வா. பாதி மொட்டு இன்னும் விரியவில்லை. மூட்டு வலி தேவலையா? ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் வந்துவிடலாம், ஸ்வெட்டர் மறக்காதே, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன்,
மேரி