உலாவிகளை உருவாக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இணையம் எட்டாத ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பாடங்களை எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க மொழியில் பக்கங்களாக எழுதி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் பள்ளிக் கணினிகளில் ஏற்றிவைப்பது என் வழக்கம். இதயத்தின் படத்தில் வலது வெண்ட்ரிக்கிளைச் சொடுக்கினால், பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒரு சிறு சாளரத்தைத் திறந்து கேள்வி கேட்கும். சரியான விடைக்கு முதல் சாளரத்தில் மதிப்பெண் ஏறும்.

உலாவியைப் புதுப்பித்த பிறகு, சாளரம் திறக்கிறது, மதிப்பெண் ஏறுவதில்லை. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சரியான விடையை நான்கு முறை அழுத்திவிட்டு, "என் விடை தவறா சார்?" என்று கேட்டாள். பிழைச் செய்திகளைக் காட்டும் பலகத்தை எஃப்12 விசையை அழுத்தித் திறந்த பிறகுதான் சிவப்பு எழுத்தில் காரணம் தெரிந்தது. ஒரே கோப்புறையில் அடுத்தடுத்துக் கிடக்கும் அந்த இரண்டு பக்கங்களையும் உலாவி ஒன்றுக்கொன்று அந்நியமாகக் கருதுகிறது. ஒன்று மற்றொன்றைத் தொட அனுமதியில்லை.

இந்தத் தடை ஏன் வந்தது என்பதை அறிவேன். முன்பு ஃபயர்பாக்ஸ் உலாவியில், கணினியில் சேமித்த ஒரு பக்கம் தன் கோப்புறையிலுள்ள மற்றக் கோப்புகளைப் படிக்க முடிந்தது. யாரோ அனுப்பிய தீய பக்கத்தைப் பதிவிறக்கித் திறந்தால், அதே கோப்புறையில் கிடக்கும் வங்கிக் கணக்கு விவரமும் களவுபோகலாம். 2019இல் 68ஆம் பதிப்பில் அந்த வழியை அடைத்தார்கள். குரோம் அதற்கு முன்பே அடைத்திருந்தது. அது சரியான முடிவு. அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

எனக்கு மாற்றுவழிகளும் கிடைத்தன. ஒரு சாளரம் மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜ் என்ற கட்டளை வழியாக இரு சாளரங்களையும் பேசவைத்தேன். ஆனால் பெறுநரின் முகவரிக்கு நட்சத்திரக் குறிதான் போட வேண்டியிருக்கிறது. யாருக்குப் போனாலும் சரி என்பது அதன் பொருள். ஜேசன் என்ற தரவுக் கோப்பையும் பக்கம் படிக்க முடியாததால், அதிலிருந்த கேள்விகளை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக மாற்றி எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பைத்தான் நிரல்மொழியில், பக்கங்களை உலாவிக்கு வழங்கும் ஒரு சிறு சேவையகம் ஓடவிட்டால் எல்லாம் தீரும் என்கிறார்கள். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ எனக்கு அதிகாரமில்லை.

கேட்பது இரண்டு. ஒரு கோப்புறையைக் காட்டி, "இதிலுள்ள பக்கங்களை நம்புகிறேன்" என்று பயனர் தாமே ஒப்புதல் தர வழி செய்யுங்கள். அந்த ஒப்புதல் அந்தக் கோப்புறையைத் தாண்ட வேண்டாம். தடுக்கும்போது, தடுத்ததைப் பக்கத்திலேயே தமிழில் சொல்லுங்கள். அந்தச் சிறுமியால் எஃப்12 அழுத்திப் பார்த்திருக்க முடியாது. தன் விடைதான் தவறு என்று நினைத்து, நான்காம் முறைக்குப் பிறகு அதை மாற்றிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்