பெயர் போட வேண்டாம் என்ற அக்காவுக்கு நன்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆராதனையில் பாடிய அக்காவுக்கு எங்கள் பாடகர் குழுவின் மனமார்ந்த நன்றி. ஆர்மோனியத்தின் சுருதியை நான்கு கட்டையிலிருந்து இரண்டுக்கு இறக்கச் சொன்னீர்கள். நான்கில், பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவி மேல் ஸட்ஜமத்தை (உயர்ந்த ‘ஸ’வை) தொட்டதும் பெரியவர்களுக்குக் குரல் எட்டாது, பாடுவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டில் சபை முழுவதும் பாடியது. தகரக் கூரை மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி. ஒலி மிக்சரிலும் எக்கோ கூட்டினால் மெய்யெழுத்துகள் கரைந்து வசனமே புரியாது. அதை முழுக்க அணைத்து, மைக்கை நாலு விரல் தள்ளிப் பிடித்து, சரணத்தை முதலில் வாசித்துவிட்டுப் பாடினீர்கள். சபைக்குக் கேட்க வேண்டியது சொல்தான், குரல் வித்தை இல்லை. பாடி முடித்ததும் பின்வரிசைக்குப் போய், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டியின் காய்த்த கையைப் பிடித்து ஜெபித்தீர்களே, பாடிய வசனத்தை அவர் நம்பியது அப்போதுதான். ஈஸ்டருக்கும் அவசியம் வாங்க, அக்கா.