மீசை முளைத்த போட்டோ

அன்புள்ள நண்பா,

இங்கு நலம். எட்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. கேட்டால் நானும் அதையே திருப்பிக் கேட்பேன், அதோடு இந்தக் கடிதம் முடிந்துவிடும்.

இப்போது எழுதக் காரணம் உன் மீசை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அறையில் பீரோவின் அடித்தட்டைத் துழாவினேன். கடைசி வருஷ குரூப் போட்டோ கையில் வந்தது. சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கிறது. மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு உன் மூக்குக்குக் கீழே மட்டும் அப்படி ஓர் அடர்த்தி! அந்த வயதில் நீ கண்ணாடி முன் நின்று ஏங்கிய மீசை, இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறது.

சிரித்துக்கொண்டே பீரோவை நகர்த்தினேன். பின்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கன்னங்கரேலென்று இருந்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த வீட்டில் சுத்தப் பைத்தியம் நான்தான். கடையில் விற்கும் எந்தக் காட்டமான ரசாயனமும் வாசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டவன். தரை துடைக்கப் பழத்தோலைப் புளிக்கவைத்து நானே செய்யும் பயோ என்சைம் பாட்டில் வெடித்த கதைதான் உனக்குத் தெரியுமே. 1 பங்கு சர்க்கரை, 3 பங்கு பழத்தோல், 10 பங்கு தண்ணீர் என்று அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். அவ்வப்போது மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற மறந்தேன், அவ்வளவுதான். அந்தக் கரைசலை வாளித் தண்ணீரில் கலந்து காலையும் மாலையும் தரை துடைப்பேன். அம்மா இருமும்போதெல்லாம் தூசி என்று நினைத்து இன்னொரு தடவை துடைப்பேன்.

இருமலுக்காக அம்மாவைக் காட்டியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் ஈரம் தங்குகிறதா?" என்பதுதான். ஈரப்பதமானி ஒன்று வாங்கி அம்மா அறையில் வைத்தேன். 82 சதவீதம். 60-க்குக் கீழே இருந்தால்தான் பூசணம் அடங்கும். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் அது முளைக்க அதுவே போதும். கடற்காற்றில் சாயங்காலம் துடைத்த தரை ராத்திரி முழுக்கக் காயாது. ஆக, இரண்டு வேளையும் நானே பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன். அந்தச் சுவரை ஒட்டித்தானடா அம்மாவின் கட்டில். ஒரு வருஷமாக.

சரி, சுவருக்கு வருகிறேன். மச்சான் வழக்கம்போல் முந்திக்கொண்டார். ஒரு கையில் வினிகர், இன்னொரு கையில் பிளீச். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று கத்தி, கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆனால் நானும் யோக்கியன் இல்லை. வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாக ஊற்றி, பொங்குவதைப் பார்த்து "அழுக்கு எப்படிப் போகிறது பார்" என்று இத்தனை நாள் பெருமையடித்தவன்தானே. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரியமில வாயு போனபின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். கெமிஸ்ட்ரி வாத்தியார் பார்த்திருந்தால் மறுபடி பெஞ்சில் ஏற்றியிருப்பார். இப்போது சோடா சிங்க் தேய்க்க, வினிகர் குழாயில் படியும் வெள்ளை உப்புக்கு, தனித்தனியாக. மார்பிள் பக்கம் வினிகரைக் கொண்டுபோகாதே, பளபளப்பை அரித்துவிடும்.

சுவருக்கு முதலில் செய்தது பிளம்பரைக் கூப்பிட்டது. அந்தப் பக்கம் குளியலறை, குழாய் இணைப்பில் கசிவு. அதை அடைக்காமல் நான் எதை ஊற்றியிருந்தாலும் அடுத்த மாதம் அதே கறுப்பு வந்திருக்கும். அப்புறம் அம்மாவை முன்னறைக்கு மாற்றிவிட்டு, உள்கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினேன். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும் என்பதால் ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும்தான். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்தேன். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் என் சட்டமும் தப்பியது. அதன் பின் மின்விசிறி, மின்விசிறி, மின்விசிறி. நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிக்கப் போகிறேன். அதன் காரத்தன்மை பூசணத்துக்கு ஆகாது.

இப்போது தரைக்கு ஒரே வேளை, வெயில் ஏறிய பிறகு, ஒட்டப் பிழிந்த துணி. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்தால் வீட்டில் சண்டை. வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்த சுவர் வியர்க்கிறது. ஜன்னல் கம்பிக்கு மருந்தே வேண்டாம் என்பதுதான் ஆச்சரியம். அதில் படிவது கடல் உப்பு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும், கம்பி துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர், உடனே உலர்ந்த துணி. இத்தனை நாள் அதற்கும் என்சைம் தெளித்திருக்கிறேன்!

அம்மா இரண்டு ராத்திரியாக இருமி எழுந்து உட்காரவில்லை. பூசணம் போனதால்தானா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. அம்மாவோ, "பீரோ இருந்த இடத்துக்கே போகட்டும், அறை மொட்டையாக இருக்கிறது" என்கிறாள்.

போட்டோவை நிழலில் உலர்த்தி, வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். மீசை போனது, கூடவே உன் வாயும் போய்விட்டது. உன்னிடம் அந்தப் பிரதி இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்பு. அதில் மீசை இருக்காது, பொறுத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி