விடை பந்திக்குள் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று விற்பனைக்கு வரும் மாதிரி வினாத்தாள்களைப் பார்க்கப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. வாசிப்புப் பந்தியைக் கொடுத்து, 'கோடிட்ட சொல்லின் பொருள் யாது?' என்று கேட்கிறார்கள். பந்தியைக் கையால் மறைத்தாலும் விடை அதேதான். ஒத்தகருத்துச் சொற்களை மனனம் செய்த பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கிறது. மற்றப் பிள்ளை எத்தனை தரம் வாசித்தாலும் பயனில்லை. இதற்கு வாசிப்பு என்று பெயர் வைக்கலாமா?

மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை வயலை வட்டை என்றுதான் சொல்லும். 'கழனி' அதற்குப் புதிது. 'அப்பா கழனியைப் பார்த்து நின்றார்' என்று எழுதிப் பொருள் கேட்டால், கடல், காடு, வீடு எதுவும் பொருந்தும். 'கழனியில் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. வரம்பில் நின்ற அப்பா, வெட்டு மெசினுக்குச் சொல்லவேண்டும் என்றார்' என்று எழுதிப் பாருங்கள். பிள்ளை உடனே சொல்லிவிடும். பெரும்போக நெற்செய்கையைப் பற்றி நாங்கள் அதற்குப் படிப்பிக்க வேண்டியதில்லை.

'அணை' போன்ற சொற்களையும் கேட்கலாம். உன்னிச்சைக் குளத்தின் அணை, விளக்கை அணைப்பது, பிள்ளையை அணைப்பது எல்லாம் அகராதிப்படி சரி. பந்திக்கு ஏற்றது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளை மறுபடி பந்தியை வாசித்தே ஆகவேண்டும். பலபொருள் ஒருசொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும், இனமான சொற்களாலும், சார்ந்து நிற்கும் சொற்களாலும் தெளியலாம் என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலிலேயே வழி சொல்லியிருக்கிறது.

ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆங்கிலக் கதைப் பகுதி ஒன்றை உதவியின்றி வாசித்துப் போதிய அளவு விளங்கிக்கொள்ள, 100 சொற்களில் ஏறத்தாழ 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று தெரியாத சொற்கள் கிடக்கும் பந்தியைக் கொடுத்து, 'சந்தர்ப்பத்தைக் கொண்டு ஊகி' என்பது அநியாயம். அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு ஊகிக்கும்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தச் சொல்லை அழித்து, இடத்தை வெறுமையாக விட்டு, பந்தியை இன்னோர் ஆசிரியரிடம் நீட்டுங்கள். அவர் கிட்டத்தட்ட அதே பொருளுள்ள சொல்லால் நிரப்பினால் கேள்வி நல்லது. அவரே தடுமாறினால் பிள்ளை என்ன செய்யும்? பந்தியில் இன்னொரு வசனம் சேருங்கள், அல்லது வேறு சொல்லை எடுங்கள்.

புள்ளியையும் பிரித்துக் கொடுக்கலாம். பொருளுக்கு ஒன்று, அந்தப் பொருளை உணர்த்திய வரியை எடுத்தெழுதினால் இன்னொன்று. திருத்த நேரம் கூடும்தான். ஆனால் எந்தப் பிள்ளை வாசித்தது, எது மனனம் செய்தது என்பது விடைத்தாளிலேயே தெரிந்துவிடும். வரும் தவணையிலேயே ஒரு பந்திக்காவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆரம்பப்பிரிவு ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.