ஓரியன் அமெரிக்கக் கலம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீரர்களை நிலவுக்கு அழைத்துச் செல்ல நாசா உருவாக்கிய ஓரியன் விண்கலத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை ‘அமெரிக்க விண்கலம்’ என்றே குறிப்பிட்டிருந்தது. வீரர்கள் அமரும் பகுதி அமெரிக்கத் தயாரிப்புதான். ஆனால் அவர்களுக்கு வேண்டிய குடிநீர், ஆக்சிஜன், மின்சாரம், உந்துவிசை ஆகியவற்றைத் தரும் சர்வீஸ் மாட்யூல், ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறுப்பில் ஜெர்மனியின் பிரெமன் நகரில் உருவாகிறது. அதன் உடற்கூடு இத்தாலியின் துரின் நகரிலிருந்தும் சூரியத் தகடுகள் நெதர்லாந்திலிருந்தும் வருகின்றன. 2022 நவம்பரில் ஆளில்லாமல் நிலவைச் சுற்றச் சென்ற ஓரியனின் முதன்மை எஞ்சினோ, முன்பு நாசாவின் ஷட்டில் விண்ணோடங்களில் பலமுறை பறந்த பழைய அமெரிக்க எஞ்சின். அது பிரெமனுக்கு அனுப்பப்பட்டு, மாட்யூலில் பொருத்தப்பட்டு, மீண்டும் புளோரிடாவுக்கே திரும்பியது.

இந்த ஏற்பாடு பண்டமாற்றாகத் தொடங்கியது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் செலவில் தனக்குரிய பங்கை ஏடிவி சரக்குக் கலங்களை அனுப்பி ஈடுகட்டிவந்த ஐரோப்பா, மிச்சக் கணக்கைத் தீர்க்க இந்தப் பணியை ஏற்றது. ஆனால் அதற்கு முன்பு, வீரர்களை ஏற்றிச் செல்ல ரஷ்யா திட்டமிட்ட கிளிப்பர் கலத்துக்கு நிதி ஒதுக்க, 2005 டிசம்பரில் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அமைச்சர்கள் இசையவில்லை; பின்னர் ஐரோப்பாவும் ரஷ்யாவும் சேர்ந்து ஆராய்ந்த மற்றொரு கலமும் காகிதத்தைத் தாண்டவில்லை. வடிவமைப்பில் கை வைக்க இடமில்லாமல் பணம் மட்டும் கொடுக்கும் பங்காளியாக இருக்க எவர்தான் விரும்புவார்?

ஓரியனில் அந்தக் குறை இல்லை. ஐரோப்பியப் பகுதி இல்லாமல் கலம் நிலவுக்குச் செல்ல முடியாது. ஆயினும் 2025 மே மாதம் வெள்ளை மாளிகை முன்வைத்த வரவு செலவுத் திட்டம், நிலவுக்கு மனிதர்களை மீண்டும் அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் மூன்றாவது பயணத்துடன் ஓரியனைக் கைவிடலாம் என்றது. ஆறு மாட்யூல்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டு, பின்னர் வரவேண்டியவற்றின் வேலையும் பிரெமனில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்த இரு மாதங்களில் நான்காம், ஐந்தாம் பயணங்களுக்கான ராக்கெட்டுகளுக்கு நிதி ஒதுக்கியதால் நெருக்கடி தணிந்தது. ஒரு நாட்டின் பட்ஜெட் விவாதத்தை இன்னொரு கண்டத்தின் பொறியாளர்கள் கவலையோடு பார்க்க நேர்கிற இந்நிலையைக் குறித்தும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.